பிரிட்டிஷா, அமெரிக்கனா, நம்ம இங்கிலீஷா? நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு எது ஏற்றது

பிள்ளை நர்சிங் முடித்துவிட்டாள். லண்டனோ டப்ளினோ போக வேண்டும் என்கிறாள். பக்கத்து வீட்டுப் பையன் உவரிக்காரன். கப்பலுக்குப் போகப் பரீட்சை எழுதுகிறான். இன்னொருத்தி ஐ.டி. கம்பெனி நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறாள். மூன்று வீட்டிலும் ஒரே கேள்விதான்: எந்த இங்கிலீஷ் கிளாஸில் சேர்ப்பது? பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் சுவருக்குச் சுவர் விளம்பரம். ஒன்று பிரிட்டிஷ் உச்சரிப்பு என்கிறது, ஒன்று அமெரிக்கன் ஆக்ஸண்ட், இன்னொன்று நியூட்ரல் ஆக்ஸண்ட். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவன் என்பதால் பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுவதற்கு நம் இந்திய ஆங்கிலமே போதும், அதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காதைப் போகிற ஊருக்கு ஏற்பப் பழக்க வேண்டும். ஆக்ஸண்டுக்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் இங்கிலீஷ் என்று விளம்பரம் சொல்வது ஆர்.பி. எனப்படும் ரிசீவ்ட் ப்ரனன்ஸியேஷனை. தென் இங்கிலாந்தின் வசதியான குடும்பங்களும், அங்கிருக்கும் பெரிய விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களும் பேசிவந்த பேச்சு அது. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி இந்தப் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது. அதன்பின் வந்த பாடநூல்களும் ஒலிநாடாக்களும் அதையே பிடித்துக்கொண்டன. கார், டாக்டர் போன்ற சொற்களில் கடைசி 'ர்' அதில் கேட்காது. பாத், டான்ஸ் என்பவற்றில் 'ஆ' நன்றாக நீளும். கேட்க அழகான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனிலேயே இதைப் பேசுகிறவர்கள் மிகச் சிலர். இன்று பிபிசியிலேயே ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட இங்கிலாந்துச் சாயலோடு செய்தி வாசிக்கிறார்கள்.

நெல்லைச் சீமைக்கு ஆங்கிலம் வந்த வழியைப் பார்த்தாலும் இது விளங்கும். இடையன்குடியில் தேவாலயம் எழுப்பி, அங்கேயே வாழ்நாளைக் கழித்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து கிளாஸ்கோவில் படித்தவர். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப் பிறந்தது இன்றைய கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ் ஜெர்மானியர். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் வட அயர்லாந்துப் பெண். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பாளையங்கோட்டையைச் சொல்கிறோம்; அந்தப் பெயருக்கு அடித்தளம் போட்டவர்களில் இவர்களைப் போன்ற மிஷனரிகளும் உண்டு. ஆளுக்கொரு ஊர்ச்சாயலோடு வந்த ஆங்கிலம்தான் இங்கே முதலில் காதில் விழுந்தது.

சரி, இன்றைக்கு நர்ஸாகப் பிரிட்டன் போகிற பெண்ணுக்கு ஆர்.பி. உதவுமா? கட்டிலில் படுத்திருக்கும் முதியவர் நியூகாஸில்காரராக இருப்பார், அல்லது யார்க்‌ஷயர்காரராக. யார்க்‌ஷயரில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நவுட்' என்பார்கள், 'ஏதோ ஒன்று' என்பதற்கு 'சம்மட்' என்பார்கள். கிளாஸ்கோவில் சிறியது எல்லாம் 'வீ'. இவற்றைத் திருப்பிப் பேச வேண்டிய அவசியம் நம் பிள்ளைக்கு இல்லை. காதில் விழுந்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். புரியாவிட்டால் சிலசமயம் ஆபத்தும் உண்டு. 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், பெரும்பாலும் ராத்திரி வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். அதையே அமெரிக்கர் சொன்னால் உடம்பு சரியில்லாமல் இருந்தேன் என்பதுதான். 'ஃபீலிங் புவர்லி' என்றால் சுகமில்லை. 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்று ஒரு தாத்தா வெட்கத்தோடு சொன்னால், சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்கிறார்.

அயர்லாந்து இன்னும் ஒருபடி மேல். அங்கே 'ஐ'ம் ஆஃப்டர் டேக்கிங் த டேப்லெட்' என்றால் இப்போதுதான் மாத்திரை சாப்பிட்டேன் என்று பொருள். ஐரிஷ் மொழியின் இலக்கணம் ஆங்கிலத்துக்குள் வந்து தங்கியதன் அடையாளம் அது. புதிதாகப் போன நர்ஸ், 'ஆஃப்டர்' என்பதைக் கேட்டு, இனிமேல்தான் சாப்பிடப் போகிறார் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாம் முறை மாத்திரை கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. எந்த ஆர்.பி. வகுப்பும் இதைச் சொல்லித்தராது. இன்னொரு பக்கம், அயர்லாந்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. 'திங்க்', 'தேங்க்ஸ்' என்பவற்றை நாம் நம் 'த'வைப் போட்டுச் சொல்கிறோம் என்று இங்கே திருத்திக்கொண்டே இருப்பார்கள். அயர்லாந்தில் பலர் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள்.

தேர்வு வாரியாகப் பார்த்தாலும் ஆக்ஸண்டுக்கு மதிப்பெண் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஆங்கிலத் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். அதன் பேச்சுத் தேர்வில் பார்ப்பது நான்கு: தங்குதடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. அந்த உச்சரிப்பிலும் பார்ப்பது கேட்கிறவருக்கு எளிதாகப் புரிகிறதா என்பதை. லண்டன்காரர் மாதிரி இருக்கிறதா என்பதை அல்ல. கேட்டல் பகுதியிலோ பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா என்று எல்லாச் சாயலும் கலந்து வரும். ஒரே ஆக்ஸண்டில் ஊறிப்போன பிள்ளைக்கு அங்கேதான் மதிப்பெண் போகும்.

நர்ஸ்களுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸைவிட, மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யையே நான் சொல்வேன். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கிலும் நர்சிங் பதிவுக்கு அதை ஏற்கிறார்கள். பேச்சுத் தேர்வில் நோயாளியிடமோ உறவினரிடமோ பேசுவதுபோல இரண்டு சூழல் கொடுப்பார்கள். எழுத்துத் தேர்வு, நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும்போது எழுதும் கடிதம் போன்றது. வார்டில் செய்கிற வேலையைத்தான் கேட்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் நகரமயமாதலைப் பற்றியோ விளம்பரங்களைப் பற்றியோ கட்டுரை எழுதச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது அந்த எழுத்துப் பகுதியில்தான். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலே எழுத்துக்கு மட்டும் 6.5 போதும், மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஓ.இ.டி.யில் எழுத்துக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி.

இப்போது அமெரிக்கன். ஐ.டி. வேலைக்குப் போகிறவர்களும் கால் சென்டருக்குப் போகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது: சில விஷயங்களில் நம் பேச்சு ஆர்.பி.யைவிட அமெரிக்கப் பேச்சுக்கு அருகில் இருக்கிறது. எழுத்தில் 'ர்' இருந்தால் நாம் விடாமல் சொல்வோம். பெரும்பாலான அமெரிக்கர்களும் சொல்வார்கள். 'வாட்டர்' என்பதை அவர்கள் 'வாடர்' என்பதுபோல மென்மையாக்குவார்கள். 'பாடம்' என்று நாம் சொல்லும்போது வரும் 'ட'வுக்கு அது ஏறக்குறையப் பக்கத்தில். ஆனால் அமெரிக்காவும் ஒரே பேச்சல்ல. பாஸ்டனின் பழைய பேச்சில் 'ர்' விழுந்துவிடும். தென் மாநிலங்களில் பலரை ஒன்றாக அழைக்க 'யால்' என்பார்கள்.

அமெரிக்கா போகிற நர்ஸுக்கு உச்சரிப்பைவிடப் பெயர்கள்தான் முக்கியம். நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசிட்டமினோஃபென். நம் அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். ஆபரேஷன் தியேட்டர் அங்கே ஆபரேட்டிங் ரூம், சுருக்கமாக ஓ.ஆர். முதல் மாடி என்று நாம் சொல்வது அவர்களுக்கு இரண்டாம் மாடி. தேதியில் மாதம் முன்னால் வரும்: 03/04 என்று சீட்டில் இருந்தால் அங்கே மார்ச் 4, இங்கே ஏப்ரல் 3. இவற்றை ஒரு வாரம் உட்கார்ந்து படித்துவிடலாம். இதற்காக மாதக்கணக்கில் ஆக்ஸண்ட் வகுப்பு வேண்டாம்.

எழுத்துக்கூட்டல் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி கலர், ஹானர் போன்றவற்றில் 'யு' எழுத்தை எடுத்துவிட்டது. அமெரிக்கா அதைப் பின்பற்றியது. நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் முறை. ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டையும் ஏற்கும். ஒரே தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

அப்புறம் நம் இந்திய ஆங்கிலம். 'நியூட்ரல் ஆக்ஸண்ட்' என்று விற்கிறார்களே, அது பெரும்பாலும் நம் ஆங்கிலத்தையே கொஞ்சம் நிதானமாகவும் தெளிவாகவும் பேசக் கற்றுக்கொடுப்பதுதான். பெயர்தான் வேறு. ஆங்கிலத்தை யார் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று 1985இல் மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டிய பிரஜ் கச்ரு காஷ்மீரில் பிறந்தவர். பிரிட்டன், அமெரிக்கா போன்றவை உள்வட்டம். இந்தியா, சிங்கப்பூர், நைஜீரியா போல ஆங்கிலம் தன் ஊரிலேயே வேர்விட்ட நாடுகள் வெளிவட்டம். சீனா, ரஷ்யா போன்றவை விரியும் வட்டம். வெளிவட்டத்தின் ஆங்கிலம் தப்பான பிரிட்டிஷ் ஆங்கிலம் இல்லை, தனக்கென ஒழுங்குள்ள ஒரு வகை என்பதை அவர் விடாமல் வாதாடினார். எனக்கும் அதில் முழு நம்பிக்கை உண்டு.

திருநெல்வேலிக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'வாரியளா', 'சொல்லுதேன்', 'ஏல, பைய போ' என்று வீட்டில் பேசுகிறோம். தூத்துக்குடியில் ஒரு மாதிரி, தென்காசியில் ஒரு மாதிரி, நாங்குநேரி தாண்டி நாகர்கோவில் பக்கம் போனால் இன்னொரு மாதிரி. சென்னைக்கு வேலைக்குப் போன அண்ணாச்சி யாரும் அங்கே போய் மெட்ராஸ் பாஷை வகுப்பில் சேரவில்லை. கடையில் எல்லோருக்கும் புரிகிற தமிழில் பேசினார். சென்னைப் பேச்சைக் காதால் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போன் பண்ணும்போது பழையபடி 'என்னடே' என்றார். நெல்லைத் தமிழ் தப்பு என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறதென்றால் இந்திய ஆங்கிலத்துக்கும் அதே நியாயம் உண்டு.

ஆனாலும் நம் ஆங்கிலத்தை அப்படியே மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாது. நமக்குள் சரியாகப் புரிகிற சில சொற்கள் கடல் தாண்டினால் வேறு அர்த்தம் தரும், அல்லது புரியாமலே போகும். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2022' என்றால் நமக்குப் படிப்பு முடித்தேன். அவர்களுக்கு மயங்கி விழுந்தேன். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நாம் கேள்வி கேட்கப் போகிறோம். கேட்கிற டாக்டருக்கு, இவள் நான் சொன்னதை நம்பவில்லையோ என்று தோன்றும். 'லூஸ் மோஷன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'கோ-பிரதர்', 'டூ த நீட்ஃபுல்' இவையெல்லாம் அந்த வகை. லட்சம், கோடி எண்களும் அப்படியே. ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் மாற்றுச்சொல்லையும் எழுதிவைத்துக்கொண்டால் இது தீர்ந்துபோகும்.

ஒலியில்தான் உழைப்பு வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சில இடங்களில். ஜெனிஃபர் ஜெங்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வெவ்வேறு நாட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எங்கெல்லாம் புரியாமல் போகிறது என்று பார்த்து, 2000இல் ஒரு பட்டியல் கொடுத்தார். 'திங்க்' போன்ற சொற்களில் நாம் பயந்து பயந்து பழகுகிற 'தி' ஒலி அந்தப் பட்டியலில் இல்லை. அதை எப்படிச் சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. உயிரொலியின் நீளம் இருக்கிறது. ஷிப், ஷீப் என்ற வேறுபாடு அது. குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த நமக்கு இது கஷ்டமே இல்லை, கவனித்தால் போதும்.

கஷ்டமானது வேறு. சொல்லின் முதலில் வரும் வல்லினம். ஊசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், நம் வாயிலும் பலநேரம் ஒன்றுதான். ஆங்கிலேயர் ஊசியைச் சொல்லும்போது 'ப'வோடு ஒரு மூச்சுக்காற்று சேர்ந்து வெளியே வரும். அந்தக் காற்று இல்லாவிட்டால் அவர் காதில் குப்பைத்தொட்டி என்றே விழும். 'ட', 'க' இரண்டுக்கும் இதே கதை. உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பழகுங்கள். ஊசிக்குக் காகிதம் ஆட வேண்டும், தொட்டிக்கு ஆடக் கூடாது.

இன்னொன்று அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மேலெழுந்து நிற்கும், மற்றவை அமுங்கும். நாம் எல்லா அசைக்கும் சமமாக இடம் கொடுப்போம். 'ரெக்கார்ட்' என்பதில் முன்பகுதியை அழுத்தினால் ஆவணம், பின்பகுதியை அழுத்தினால் பதிவுசெய்வது. இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பதினைந்தும் ஐம்பதும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும், அழுத்தம் சரியில்லாவிட்டால் ஒன்றுபோலக் கேட்கும். மருந்தின் அளவைப் போனில் சொல்கிற நர்ஸுக்கு இந்த ஒரு வேறுபாடு, ஆர்.பி. முழுவதையும்விடப் பெரியது. 'ஒன் ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகவும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

கப்பல்காரர்கள் இதை எப்போதோ விதியாகவே ஆக்கிவிட்டார்கள். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற கடல் தொடர்புச் சொற்றொடர்கள், எஸ்.எம்.சி.பி. என்பார்கள், அதில் 150ஐ 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்றே சொல்ல வேண்டும். 3ஐ 'ட்ரீ' என்றும், 9ஐ 'நைனர்' என்றும், ஆயிரத்தை 'டவ்ஸண்ட்' என்றும் சொல்லச் சொல்கிறது. உலகத்தில் பாதிப்பேருக்கு வராத 'தி' ஒலியை மேலிருந்தே எடுத்துவிட்டார்கள். 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்' போன்ற இரண்டு பொருள் தரும் சொற்களையும் தவிர்க்கச் சொல்கிறது. பேசத் தொடங்கும்போதே இது கேள்வியா, எச்சரிக்கையா, தகவலா என்று சொல்லிவிட்டுப் பேசவும் வழி வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரைன்காரரும் மணப்பாட்டுக்காரரும் ஒரே கப்பலில் நிற்கிற இடத்தில் இதைவிட நேர்மையான ஆங்கிலம் இல்லை. தூத்துக்குடியிலோ உவரியிலோ இருந்து கடலுக்குப் போகிற பையனுக்கு பிரிட்டிஷும் வேண்டாம், அமெரிக்கனும் வேண்டாம். அந்தச் சொற்றொடர்களை வாய்ப்பாடமாக்கி, பலநாட்டுப் பேச்சையும் கேட்டுப் பழகட்டும்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். அங்கே கூட வேலை பார்ப்பவர்கள் மலையாளிகள், பிலிப்பினோக்கள், எகிப்தியர்கள். ஆர்.பி. பேசினால் அவர்களுக்குப் புரிவது இன்னும் கடினமாகும். சிங்கப்பூரில் தெருப்பேச்சின் 'லா'வைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் எழுதுவது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், அது நமக்குப் பள்ளியிலேயே வந்ததுதான்.

கால் சென்டருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தரலாம். அமெரிக்க வாடிக்கையாளரிடம் நாள் முழுக்கப் போனில் பேசுவதுதான் வேலை என்றால், கொஞ்சம் அமெரிக்கச் சாயல் உதவும். அதைக் கம்பெனியே வேலைக்கு எடுத்தபின் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. முன்கூட்டிக் கைக்காசு போடத் தேவையில்லை. மென்பொருள் வேலைக்கு இது பொருந்தாது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் செய்கிறார்கள். அந்த வேலையில் பெரும்பகுதி எழுத்துதான். தெளிவான மின்னஞ்சல் எழுதத் தெரிந்த பிள்ளை முன்னால் போகும்.

கடைசியாக, பயிற்சி மையத்துக்குப் போனால் பணம் கட்டுவதற்குமுன் மூன்று விஷயம் கேளுங்கள். கேட்டல் பயிற்சிக்கு எந்தெந்த நாட்டுக் குரல்கள் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பதில் வர வேண்டும். என் பிள்ளை பேசுவதைப் பதிவுசெய்து, எந்த ஒலியில் தவறு என்று குறித்துக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். எழுதியதைத் திருத்துவது யார், வாரத்துக்கு எத்தனை தாள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொல்கிற இடத்தில் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சேர்க்கலாம். மூன்று மாதத்தில் லண்டன்காரர் மாதிரி பேச வைப்போம் என்று மட்டும் சொல்கிற இடமானால், வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள்.